வாசல்மணி சொன்ன பெயர்

எங்கள் வீட்டுக்கு ஒரு வாசல்மணி தெரிவு செய்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கமெரா வைத்த மணி. ஊரில் சனம் கடைக்குப் போகிறது, பெட்டியைக் காட்டி இதைத் தாருங்கள் என்கிறது, கொண்டுவந்து வாசலில் மாட்டுகிறது. எங்கள் அம்மா ஞானமலர் அதற்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் விசாரணை வைத்தார். எனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தால்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார். பார்க்கவில்லை, அது வேறு கதை.

அம்மாவின் நெஞ்சில் ஒரு வால்வு பழுது. இனி மாத்திரையால் ஏலாது, கண்டிக்குப் போய் வெட்டத்தான் வேண்டும், பிந்தினால் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா போகமாட்டேன் என்றார். கத்திக்குப் பயந்து அல்ல. வீட்டை ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போக ஏலாதாம்.

காரணம் என் தம்பி அஞ்சலோ. சண்டையில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்ததற்கு அடுத்த வருடம், ஒரு பின்னேரம், யாரோ எங்கள் கேற்றடியில் நின்று கூப்பிட்டார்கள். அவன் உடுத்திருந்த சாரத்தோடு, செருப்புக்கூடப் போடாமல், யாரென்று பார்க்கப் போனான். திரும்பி வரவில்லை. கூப்பிட்டது யார், ஒருவரா பலரா, நடந்து போனானா ஏற்றிக்கொண்டு போனார்களா, ஒன்றும் தெரியாது. அப்பா அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். நான் வேலையில், அம்மா குசினியில். எங்கள் ஒழுங்கை உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. பின்னேரத்தில் சந்தைபோல் சனம் திரியும். அன்றைக்குப் பார்த்து ஒரு கண்ணும் எதையும் காணவில்லையாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வெறுமையாக இருந்ததே இல்லை. ஞாயிறு பூசைக்கு அம்மா காலையில் போனால் நான் பின்னேரம். கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் முறை வைத்துத்தான். கேற்றடியில் சத்தம் கேட்டால் அம்மாதான் போவார், என்னைப் போகவிட மாட்டார். நான் கப்பல் முகவர் கந்தோரில் கணக்கோடும் தொலைபேசியோடும் மாரடித்துவிட்டு வந்து கேற்றைத் தட்டினாலும் அம்மா ஓடித்தான் வருவார். என்னைக் கண்டதும் அந்த முகம் விழும். "நீயோ பிள்ளை," என்பார். இத்தனை வருடமாக நான் அந்த வீட்டுக்கு "நீயோ"தான். அது சுடவில்லை என்று சொன்னால் பொய்.

அவன் இனி வரமாட்டான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அம்மா அன்றைக்குச் சோறு தொடவில்லை. பிறகு நான் அந்தக் கதையே எடுப்பதில்லை.

மணி யோசனை என்னுடையது. கேற்றில் ஒரு கமெரா இருந்தால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் வாசலைப் பார்க்கலாம். யார் வந்தாலும் தெரியும். பிறகென்ன, வெட்டிக்கொண்டு வரலாம். அம்மா யோசித்து, "றெக்சனைக் கூப்பிடு," என்றார்.

றெக்சன் என் மாமா மகன், அஞ்சலோவோடு ஒரே வகுப்பில் படித்தவன். உப்புவெளியில் விருந்தினர் விடுதிகளுக்கு லைற், கேற், கமெரா எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடுத்துக் கொடுப்பது அவன் தொழில். மூன்று மணிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இது பற்றரியில ஓடுறது மாமி. வயரே தேவையில்லை. பிடிச்சு ஒட்டினாச் சரி."

"பற்றரி செத்தா?"

"கழட்டிச் சார்ஜ் பண்ண வேணும்."

"கழட்டின நேரம் பாத்து அவன் வந்தா?"

றெக்சன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் முதல் பெட்டியை மூடி வைத்தான்.

"இது நல்ல கொம்பனி. படம் எல்லாம் அவங்கட இடத்தில போய்ச் சேரும். மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேணும்."

"ஆற்ற இடத்தில?"

"வெளிநாட்டில மாமி. அவங்கட பெரிய கணினியில."

"அப்ப என்ர வாசலில ஆர் நிக்கிறது எண்டு எனக்கு முதல் அவங்களுக்குத் தெரியும்?" அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "வேண்டாம். அவன் ஆருக்கும் தெரியாமத்தான் வருவான். வந்தா எனக்கு மட்டும் தெரியட்டும். அதோட, அந்தக் கொம்பனி பூட்டுப்பட்டா?"

"உடன பூட்டுப்படாது மாமி."

"பத்து வருசத்தில?"

அவன் இரண்டாவது பெட்டியையும் மூடி வைத்தான். அம்மாவுக்கு வால்வு எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியாது, மணி பத்து வருடம் தாங்க வேண்டுமாம்.

மூன்றாவதைத்தான் அம்மா எடுத்தார். கேற்றிலிருந்து வீட்டுக்குள் ஒரே ஒரு வயர். அதிலேயே கறண்டும் போகும், படமும் வரும். அலுமாரிக்கு மேல் ஒரு சின்னப் பெட்டி. "உதுதான் மூளை மாமி," என்றான் றெக்சன். "மணி, கேற்றுப் பூட்டு, லைற், எல்லாம் இதுக்குத்தான் சொல்லும். இது வெளியில ஒருத்தருக்கும் வாய் திறக்காது. கறண்ட் போனாலும் பக்கத்தில வைக்கிற பற்றரியில ஓடும். இன்ரநெற் போனாலும் வீட்டுக்குள்ள எல்லாம் பதிஞ்சு வைக்கும். லைன் இருந்தா உங்கட போன் நேர வீட்டோட கதைக்கும், இடையில ஒருத்தரும் இல்லை."

"நான் கண்டியில இருந்து கதைச்சா வாசலில கேக்குமோ? 'நில்லு தம்பி, அம்மா வாறன்' எண்டு சொல்லலாமோ?"

"சொல்லலாம் மாமி," என்றான் றெக்சன். அவன் குரல் இறங்கிவிட்டது.

அந்தப் பெட்டிக்கு முகம் பார்த்துப் பெயர் சொல்லவும் தெரியுமாம். படம் கொடுத்துப் பழக்கினால், வருகிறவரின் பெயரை வீட்டுக்குள் ஒலிபெருக்கியில் சொல்லும். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், விசரன். அம்மா எழுந்து போய் அஞ்சலோவின் படங்கள் அத்தனையையும் கொண்டுவந்து மடியில் போட்டார். மேசைப் பந்து விளையாடுகிற படம், அடையாள அட்டைப் படம், கடற்கரையில் சேட் இல்லாமல் பல்லைக் காட்டுகிற படம்.

"மாமி, ஆள் இப்ப மாறியிருப்பான்," என்றான் றெக்சன் மெதுவாக.

"மாறினாலும் அவன்தானே. அவன்ர முகத்தைக் கண்டா கேற் தானாத் திறக்க வேணும். அவனைத் தட்டிக்கொண்டு நிக்க விடக்கூடாது."

அப்படியே செய்தான். அம்மாவின் முகத்தையும் கொடுத்தான். என்னுடையதை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்க ரோசம் விடவில்லை.

அடுத்த நாள் கந்தோரால் வந்து, கேற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெற்றைக் கழற்றினேன். பொழுது மங்குகிற நேரம். வேர்வைக்குப் பயந்து நான் தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறேன். கேற் 'டக்' என்றது, தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற இந்தியப் பெண்ணின் குரலில், "அஞ்சலோ வந்திருக்கிறார்," என்று கேட்டது.

மாதாவே, அந்தச் சத்தம். அம்மா அகப்பைக் கையோடு ஓடி வந்தார். பழுதான வால்வோடு ஒரு மனுசி அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார், ஸ்கூட்டிக்குப் பின்னால் பார்த்தார், ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். செவ்வரத்தைச் செடியை மேய்ந்துகொண்டிருந்த, ஊர்த் தெருக்களில் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேய்ந்தது.

"இஞ்ச வாங்கோ அம்மா, நான்தான். உந்தச் சனியன் பிழையாச் சொல்லுது." அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப் போனேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். எனக்கு றெக்சனின் கழுத்தை நெரிக்கவேண்டும்போல் இருந்தது.

போன் எடுத்துக் கத்தினேன். அவன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்தினான். "உங்க ரெண்டு பேருக்கும் உங்கட அப்பாவின்ர தாடை மச்சாள். உன்ர படம் கொஞ்சம் அனுப்பு. இது நிரோஷினி எண்டு படிப்பிச்சு விட்டா இனிப் பிழைக்காது."

அம்மா கையைக் காட்டி மறித்தார். "விடச் சொல்லு. அப்பிடியே இருக்கட்டும்."

"என்னம்மா விசர்க் கதை கதைக்கிறீங்கள்?"

"இந்த வீட்டில அவன்ர பேரை ஆரும் சொல்லுறேல்லை, பிள்ளை. நீயும் சொல்லுறேல்லை. அது எண்டாலும் சொல்லட்டும்."

பிறகு எடுக்கிறேன் என்று றெக்சனுக்குச் சொல்லிப் போனை வைத்தேன்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இதே கூத்து. காலையில் நல்ல வெளிச்சத்தில் நின்றால் 'தெரியாத ஆள்' என்று சொல்லும், பொழுது சாய்ந்து ஹெல்மெற்றைக் கழற்றினால் அஞ்சலோ என்று சொல்லும். கேற் மரியாதையாகத் திறக்கும். உள்ளே அம்மா அந்தக் குரலுக்காகக் காத்திருந்து, அது சொல்லி முடிந்ததும் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைப்பார். ஓடி வருவதில்லை. "நீயோ" என்பதும் நின்றுவிட்டது. எனக்கு அது சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். மாறாக, என் வீட்டுக்கு நானே களவாக வந்து போகிறேன் என்று தோன்றியது. சில நாள் ஹெல்மெற்றைக் கழற்றாமலே உள்ளே போனேன். அந்த நாள்களில் அம்மாவின் முகம் வாடிக் கிடந்தது. ஒருநாள் தாங்காமல், "அம்மா, நான் உயிரோட இருக்கிறன், என்ர பேரும் ஒரு பேர்தான்," என்று கத்தினேன். அம்மா கேத்திலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டார்.

ஆனாலும் மணி தன் வேலையைச் செய்தது. அம்மா கண்டிக்கு வரச் சம்மதித்தார். முதல்தடவையாக வீட்டைப் பூட்டினோம். பூட்டிவிட்டு வாகனத்தில் ஏறும்போது என் கால்தான் பின்னியது, அம்மாவினுடையது அல்ல. றெக்சனின் மனைவி கீர்த்தனியும் துணைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி வாட்டில் அம்மா போனைத் தலையணையில் சாய்த்து வைத்து, பகல் முழுக்க எங்கள் கேற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பக்கத்துக் கட்டில் மனுசி இது என்ன நாடகம் என்று கேட்டாவாம். என்ர வாசல் என்றாராம் அம்மா.

ஒப்பரேசனுக்கு இரண்டு நாளைக்கு முந்திய இரவு ஊரில் இடி மழை. காலையில் போன் திரை கறுப்பு. வீட்டு இன்ரநெற் விழுந்துவிட்டது.

"வாசல் தெரியேல்லை," என்றார் அம்மா. மருந்து ஏறுகிற கையிலிருந்து ஊசியைக் கழற்றப் போனார். "என்னை வீட்டை கொண்டு போ."

"அம்மா, உள்ளுக்கு எல்லாம் பதிஞ்சுகொண்டுதான் இருக்கும். றெக்சன் சொன்னவன்தானே?"

"பதிஞ்சு என்ன, அவன் வந்து மணி அடிச்சா ஆர் பதில் சொல்லுறது? வீட்டில ஒருத்தரும் இல்லை எண்டு திரும்பிப் போயிடுவான். நான் கையெழுத்து வைக்கமாட்டன், வெட்டவும் விடமாட்டன்."

றெக்சன் பாசிக்குடாவில் வேலையாக நின்றான். சாவி என் பையில். அம்மாவோடு ஒரு பாட்டம் சண்டை பிடித்தேன், நேர்ஸ் வந்து இரண்டு பேருக்கும் ஏசினா. கடைசியில் கீர்த்தனியை வைத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். வழி முழுக்க அழுகையும் ஆத்திரமும். இல்லாதவன் ஒருவன் உயிரோடு இருக்கிறவரைக் கொல்லப் போகிறான் என்று நினைத்தேன். ஹபரணையில் பஸ் நின்றபோது தேத்தண்ணிகூட இறங்கவில்லை.

வீட்டுக்குள் போனபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பின் கதவால்தான் போனேன். றூட்டரை அமத்தி, றெக்சன் போனில் சொன்ன மாதிரித் திரும்பப் போட்டேன். பச்சை லைற் எரிய நேரம் எடுத்தது. அதற்குள் அலுமாரிக்கு மேலிருந்த பெட்டி பதிந்து வைத்ததை என் போனில் திறந்தேன்.

லைன் இல்லாத நேரத்தில் வாசலில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அம்மாவுக்குச் சொல்லலாம், அவ்வளவுதான் என் எண்ணம். மழை. மான் ஒன்று, பிறகு அதன் குட்டி. மீன்காரனின் சைக்கிள். பிறகு ஒரு குடை கேற்றடியில் வந்து நின்றது. குடைக்குக் கீழே முகம் தெரியவில்லை, கால் மட்டும் தெரிந்தது. வெறுங்கால். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குடை கொஞ்சம் சரிந்தபோது, பக்கத்து வீட்டுப் புஷ்பவதி அக்கா. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் லைற் எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறா.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவன் இல்லை, இல்லை என்று இத்தனை வருடமாகச் சொன்ன வாய் இது. கை என்ன தேடியது? கையும் கண்ணும் அவனைத்தான் தேடின. எனக்கு என்னிலேயே பயம் வந்தது.

பச்சை லைற் வந்தது. சரி, ஒருமுறை அடித்துப் பார்ப்போம், அம்மாவின் போனில் கேட்டால் அவருக்கும் நிம்மதி என்று நனைந்த தலையோடு கேற்றுக்கு வெளியே போய் நின்று மணியை அழுத்தினேன்.

வெறும் வீட்டுக்குள் அந்தப் பெண் குரல் சொன்னது: "அஞ்சலோ வந்திருக்கிறார்." கேற் திறந்தது.

மணிக்குள் ஏதோ கரகரத்தது. பிறகு அம்மாவின் மூச்சு. ஆஸ்பத்திரியில் ஆரோ இருமுகிற சத்தம்.

"தம்பி," என்றார் அம்மா.

அம்மா, நான்தான், லைன் வந்திட்டுது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"கதைக்காத. நேர்ஸ் வந்திடுவா, அதுக்குள்ள கேள். அண்டைக்கு நான்தான் உன்னை அனுப்பினனான். நீ படுத்துக் கிடந்தனி. ஆரோ கூப்பிடுகினம், எழும்பிப் போய்ப் பார் எண்டு நான்தான் ஏசினனான். அடுப்பில சூடை மீன் பொரிஞ்சுகொண்டு கிடந்தது. நான் போனா அது கருகிப்போடும் எண்டு பாத்தன். மீனைப் பாத்தன் தம்பி, உன்னைப் பாக்கேல்லை."

எனக்கு இது தெரியாது. அவனே எழுந்து போனான் என்றுதான் அம்மா எல்லோருக்கும் சொன்னார், எனக்கும். நான் கேற்றுத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அந்த வட்டக் கண்ணாடிக்குள் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில், மங்கல் வெளிச்சத்தில், கட்டை மயிரோடு நிற்கிற ஒரு ஆளை.

"நான் போயிருக்க வேணும்," என்றார்.

"நீங்கள் வந்திருந்தா உங்களைத்தான் கொண்டு போயிருப்பாங்கள் அம்மா." மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. "நான் போனதுதான் சரி."

நான் என்றுதான் சொன்னேன்.

"கோவமில்லையோ?"

"இல்லை."

"நிரோ பாவம் தம்பி. அவள் வந்து நிக்கிற நேரமெல்லாம் நான் உன்னைத்தான் தேடினனான். அது அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை விட்டுட்டுப் போகேல்லை. அவள் இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பன்." கொஞ்சம் நிறுத்தினார். "அவளிட்ட இதைச் சொல்லிப்போடாத. பிறகு தலைக்கனம் பிடிச்சு அவளோட ஒருத்தரும் கதைக்க ஏலாது."

மணிக்குள் சத்தம் நின்றது. நான் அழுதேன், சத்தம் போட்டே அழுதேன், ஒழுங்கையில் ஆர் பார்த்தால் எனக்கென்ன. அழுது முடிவதற்குள் பொக்கற்றில் என் போன் அடித்தது. அம்மா.

"நிரோ, வீட்டை போய்ச் சேந்திட்டியோ?" வழமையான குரல். ஒன்றுமே நடக்காத குரல்.

"ஓம் அம்மா."

"லைன் வந்திட்டுதோ?"

"வந்திட்டுது."

"கேற்றடியில ஆரும் நிண்டவையோ?"

இந்தக் கேள்வியை அம்மா என்னிடம் கேட்காத நாளில்லை. ஒருத்தரும் இல்லை அம்மா என்று பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன், எரிந்து விழுந்து சொல்லியிருக்கிறேன், கதவை அடித்துச் சாத்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். வேறு பதில் என் வாயில் வந்ததே இல்லை.

"ஓம் அம்மா," என்றேன். "நிண்டவன்."

"உள்ளுக்குக் கூப்பிட்டியோ?"

"கூப்பிட்டனான்."

"சரி. அப்ப நாளைக்கு வெட்டட்டும்," என்று அம்மா போனை வைத்தார்.

வெட்டினார்கள். தப்பிவிட்டார். இப்போது முன்னைவிட வாய். அன்றைக்கு மணியில் கதைத்தது நான் என்று அவருக்குத் தெரியுமா என்று றெக்சன் என்னைக் கேட்டான். நான் அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். கூப்பிட்டேன் என்று அம்மாவிடம் நான் சொன்னது மட்டும் அந்த நேரத்தில் பொய். அன்றைக்குக் கேற் மழைக்குள் திறந்தபடி கிடந்தது, ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. போனைப் பொக்கற்றில் வைத்துவிட்டு, கேற்றைப் பிடித்தபடி ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றேன்.

"நனையாத, உள்ளுக்கு வா அஞ்சலோ," என்றேன்.